மாட்டுக்குப் பதில் வந்த பெட்டி

வேலூரில் நான் பி.எஸ்ஸி. கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில், மலையில் அப்பா எனக்குப் பரியம் வாங்கிவிட்டார். சாமை மூட்டைகள், ஒரு சேலை, ஒரு பெட்டி. பரியம் என்பது மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தகப்பனுக்குத் தருவது. எங்கள் பக்கம் அதில் ஒரு மாடு கட்டாயம் இருக்கும். எனக்கு வந்ததில் மாட்டுக்குப் பதில்தான் பெட்டி.

சவுதியிலிருந்து வந்த பெட்டி. ஜப்பான்காரன் செய்த ஸ்டீரியோ கேசட் செட். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், நடுவில் பச்சை விளக்கு. கொண்டுவந்தவன் ராஜவேலு, காவலூர்ப் பக்கம். வானாராய்ச்சி நிலையத்தில் கட்டட வேலை நடந்தபோது சித்தாளாகப் போய்க் கொத்தனாராகி, ஒரு மேஸ்திரியோடு ஜெத்தாவுக்குப் போனவன். ஆளைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. குடிக்க மாட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவுதான். அப்பாவும் கேட்கவில்லை.

எங்கள் மலையிலிருந்து பி.எஸ்ஸி. வரைக்கும் போன முதல் பெண் என்று கல்லூரியில் என்னை மேடையேற்றிக் கைதட்டினார்கள். ரிசல்ட் வரும்வரை வேலூரிலேயே இருந்துவிட்டு ஊருக்கு வந்தால், அம்மா சொன்ன முதல் சேதி இது.

"பொட்டி எப்படிப் பாடுது தெரியுமா அம்சா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குது."

எனக்கு பி.எட். படிக்க இடம் கிடைத்திருந்தது. எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்றேன். அப்பா என்னைப் பார்க்காமல் ஸ்பீக்கரைத் துணியால் துடைத்தார்.

"அப்ப பரியத்தைத் திருப்பணும்."

"திருப்புங்க."

"திருப்பறதுன்னா சும்மாவா?"

சும்மா இல்லைதான். வாங்கின மாட்டை வாங்கின மாதிரியே திருப்ப வேண்டும். ஊருக்கு நியாயம் சொல்கிற ஊர்க்கவுண்டர் முன்னால் மாடு தன் காலில் நின்று புல் தின்ன வேண்டும். தின்றதைப் பார்த்துவிட்டு, கொடுத்தவர்கள் கயிற்றைக் கையில் வாங்கிக்கொள்வார்கள். கயிறு கை மாறின பிறகு மாடு அங்கேயே விழுந்து செத்தாலும் பெண் வீட்டாருக்குச் சம்பந்தமில்லை. கை மாறுவதற்கு முன்னால் செத்தால் பெண் போய்த்தான் ஆக வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி அக்கா அப்படித்தான் எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தாள். அவளுக்கும் இஷ்டமில்லை. அவள் அப்பாவும் திருப்பத்தான் இருந்தார். திருப்ப வேண்டிய நாளுக்கு முன் மாடு கழிச்சல் கண்டு செத்துப்போனது. ஒரு மாட்டின் வயிறு அக்கா யாரோடு வாழ வேண்டும் என்று முடிவு செய்தது. அதை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை. மாட்டைத்தான் இன்றைக்கும் திட்டுகிறார்கள்.

நான் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பேட்டரி போட இடமில்லை. ஒரு தகட்டில் நூற்றிருபது வோல்ட் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. நம் ஊர் கரண்ட் இருநூற்று முப்பது.

"அப்பா, இத்த நேரா கரண்ட்ல சொருகுனா எரிஞ்சுடும். இதுக்குக் கரண்டைப் பாதியா கொறைக்கற டிரான்ஸ்ஃபார்மர் வேணும்."

"அன்னிக்கு மாப்ள ஒரு கனமான பொட்டி வெச்சுத்தான் காட்டுனாரு. செங்கல்லு மாதிரி. அத்த எடுத்துகினு போய்ட்டாரு. கல்யாணத்தன்னிக்குக் கொண்டாந்து தர்றாராம்."

"அப்புறம் எப்படிப் பாடுது?"

"சாயங்காலம் போட்டா தானாப் பாடுது. பகல்ல நான் போடறதில்ல. மாப்ள போட வேணாம்னாரு. வெளிச்சம்னா அதுக்கு ஆவாதுபோல."

அன்று சாயங்காலம் பார்த்தபோது புரிந்தது. எங்கள் ஊர் மின்சாரக் கம்பியின் கடைசி ஊர். பகலில் யாரும் விளக்கு போடுவதில்லை, அதனால் முழு கரண்ட் இருக்கும். பொழுது சாய்ந்தால் வழியில் இருக்கிற எல்லா ஊரும் இழுத்தது போக, எங்களுக்கு வந்து சேர்வது பாதி. பல்பு பழுத்த இலை மாதிரி எரியும். அந்தப் பாதி கரண்ட் அமெரிக்காவுக்கும் ஜெத்தாவுக்கும் என்று செய்த பெட்டிக்குச் சரியாகப் போய்விட்டது. ஊரே குறை சொல்கிற கரண்ட். அதில் அப்பா மட்டும் சந்தோஷமாக இருந்தார்.

இன்னொன்றும் உண்டு. எங்களுடையது அரசாங்கம் குடிசைக்குக் கொடுத்த ஒற்றை பல்பு இணைப்பு. மீட்டர் கிடையாது. சுவரில் ஒரு பீஸ் கட்டை, கூரையிலிருந்து தொங்கும் ஒரு ஹோல்டர், அதில் நாற்பது வாட் பல்பு. பாட்டு வேண்டுமென்றால் பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் பெட்டியைச் சொருக வேண்டும். அதனால் தினமும் பொழுது சாய்ந்ததும் எங்கள் வீட்டில் ஒரு கூட்டம் இருட்டில் உட்கார்ந்து சினிமாப் பாட்டு கேட்டது. பாஞ்சாலி அக்கா வருவாள். எதிர்வீட்டுச் செல்லியம்மாள் அத்தை வெற்றிலைப் பெட்டியோடு வந்து, "சத்தமா வையி கோபாலு, பொட்டி உன்னுது தானே" என்று அப்பாவிடம் சொல்வாள்.

நான் அப்பாவிடம் தகட்டைக் காட்டி மறுபடி சொன்னேன். என்றைக்காவது சாயங்காலம் கரண்ட் ஏறினால் பெட்டி போய்விடும். பெட்டி போனால் நான் போக வேண்டும்.

"இன்னாம்மா, கரண்ட்லகூட ஜாதி கீதா?" என்றார். இருட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் நானே ஊர்க்கவுண்டர் அருணகிரியிடம் போனேன். பெண்கள் நேராகப் போய்ப் பேசுவதில்லை. அவர் புளி தட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, எனக்குப் பின்னால் அப்பா வருகிறாரா என்று பார்த்தார்.

"யாரும் வரல. நான்தான். பரியத்தைத் திருப்பறோம்."

"சாமையும் சேலையும் சரி. பொட்டி?"

"அதுவும்தான்."

அவர் யோசித்தார். பெட்டி விஷயத்தில் இதுவரை யாரும் தீர்ப்பு சொன்னதில்லை. மாட்டு நியாயத்தைத்தான் இழுத்துப் பார்த்தார்.

"மாடுன்னா நாலு பேரு முன்னால புல்லு தின்னணும். பொட்டின்னா பாடணும். பாடுச்சுன்னா கயிறு அவங்க கைக்குப் போவும். பாடலேன்னா நீ போவணும். சரியா?"

"சரி. சாயங்காலம் வெச்சுக்கலாம்."

சாயங்காலம் கிடைக்கவில்லை. ராஜவேலுவின் தாய்மாமன் பஞ்சாட்சரம் உச்சி வெயிலில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். இருட்டில் மாடு பார்க்கிற வழக்கம் உண்டா என்று கேட்டாராம். அது நியாயமான கேள்வி. ஊர்க்கவுண்டர் ஒத்துக்கொண்டார்.

எனக்கு வேண்டியது அந்தச் செங்கல். ஒடுகத்தூர் போகிற பஸ்ஸில் ராஜவேலு ஏறுவான் என்று தெரிந்து, நிறுத்தத்தில் போய் நின்றேன். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினான்.

"டிரான்ஸ்ஃபார்மரை ஒருநாளைக்குக் குடுங்க."

"அது பரியத்துல இல்லியே. பொட்டியை மட்டும்தான் வெச்சேன்."

"அது இல்லாம பகல்ல பாடாதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்." சிரித்தான். கெட்ட சிரிப்பும் இல்லை. "மாட்டைக் குடுத்துட்டுக் கொம்பை நானே வெச்சிகினேன்னு நெனச்சிக்க. உனக்கு என்னாண்ட இன்னா கொறை? ஜெத்தாவுல ஏசி ரூம்ல கீறவனுக்கும் நான் ஒஸ்தி. படிச்ச பொண்ணு வேணும்னு நானாத்தான் கேட்டு வந்தேன்."

"என்னைக் கேட்டீங்களா?"

"உங்கப்பாவைக் கேட்டேனே."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கரண்ட் போகிற வழியில் பல்பைச் சேர்த்துவிட்டால் கொஞ்சத்தை அது தின்றுவிடும். மிச்சம்தான் பெட்டிக்குப் போகும். ஆனால் நாற்பது வாட் பல்பு ஒன்று போதாது. ஒன்று மட்டும் இருந்தால் எல்லாவற்றையும் அதுவே தின்னும். மூன்று பல்பு பக்கம் பக்கமாக வைத்தால் சரியாக வரும். பெரிய பல்பு மலையில் எங்கும் கிடையாது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பல்பு. அதனால் எனக்கு மூன்று வீடு வேண்டியிருந்தது.

முதல் வீடு எங்களுடையது. பாஞ்சாலி அக்காவிடம் கேட்டேன். அவள் புருஷன் குறுக்கே வந்தான். "பஞ்சாட்சரம் எனக்குப் பங்காளி மொறை. அவருக்கு எதிரா என் வூட்டு பல்பு எரியாது." அக்கா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். செல்லியம்மாள் அத்தையிடம் கேட்க நான் போகவே இல்லை. அவள் பஞ்சாட்சரத்தின் கூடப்பிறந்த அக்கா, ராஜவேலுவுக்குப் பெரியம்மா.

அந்த நாள் வந்தது. எங்கள் வாசலில் ஊர் உட்கார்ந்தது. பெட்டியை மணையோடு வெளியே எடுத்து வைத்தேன். பஞ்சாட்சரம் வெள்ளைத் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். ராஜவேலு கொஞ்சம் தள்ளி நின்றான். அப்பா யாரையும் பார்க்கவில்லை.

பீஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டு, எங்கள் ஹோல்டரை ஒயரோடு இறக்கி, பெட்டிக்குப் போகும் வழியில் எங்கள் பல்பைச் சேர்த்து முறுக்கினேன். கட்டையைத் திரும்பப் போட்டேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. பெட்டியின் பச்சை விளக்கு மினுக்கென்றுகூடக் காட்டவில்லை. பட்டனை அழுத்தினேன். கேசட் சுற்றவில்லை.

"பல்பு நல்லாப் பாடுது" என்றார் பஞ்சாட்சரம்.

கூட்டம் சிரித்தது. "பட்டணத்துல இத்தத்தான் மூணு வருசம் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததுதான் நடந்தது. ஒரு பல்புக்கு அவ்வளவுதான் வரும்.

"முடிஞ்சுதா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"இன்னும் ரெண்டு பல்பு வேணும்."

"யாரு குடுப்பாங்க?"

நான் கூட்டத்தைப் பார்த்தேன். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். ஆண்கள் பஞ்சாட்சரத்தைப் பார்த்தார்கள்.

பாஞ்சாலி அக்கா எழுந்து வீட்டுக்குள் போனாள். அவள் புருஷன், "எங்கடி போற?" என்றான். உள்ளே ஏதோ இழுபடும் சத்தம். ஒயரும் ஹோல்டரும் பல்புமாகக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். கூரை ஓலை கொஞ்சம் அதோடு வந்திருந்தது.

"பீஸ் கட்டையைப் புடுங்குனியா அக்கா?" என்றேன். அதுதான் எனக்கு முதலில் வந்தது.

"அத்தல்லாம் புடுங்கிட்டுத்தான் வந்தேன். நீ செஞ்சதைப் பாத்துகினுதானே இருந்தேன்."

புருஷன் கையை ஓங்கினான். அக்கா அவனைத் திரும்பிப் பார்த்து, "மாடு செத்துப் பூட்டுது. பல்பு சாவல" என்றாள். அவன் கை இறங்கியது. ஏன் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

இரண்டாவது பல்பைச் சேர்த்தேன். இப்போது பச்சை விளக்கு மங்கலாக வந்தது. கேசட் நகர்ந்தது. பாட்டும் வந்தது, ஆனால் காய்ச்சலில் படுத்திருக்கிறவன் முனகுவது போல இழுத்து இழுத்து. அப்பா தலையில் கை வைத்தார்.

"இது பாட்டா ஒப்பாரியா?" என்றார் பஞ்சாட்சரம். "கவுண்டரே, மாடு எழுந்திரிக்கப் பாக்குது, முடியல. விட்டுடுங்க பாவம்."

"ஏன்டா பஞ்சாட்சரம்." செல்லியம்மாள் அத்தையின் குரல். "அந்தப் பாட்டு ரெண்டு மாசமா என் காதுல வுழுது. நல்லாத்தான் பாடும். நீ இன்னாடா ஒப்பாரின்ற?"

"நீ சும்மா கெட அக்கா. நம்ம பையன் விசயம்."

"நம்ம பையன்தான். இவ அவனுக்குப் பொண்டாட்டியா போனா, இந்தப் பொட்டி இங்க கோபாலு வூட்டுலயே கெடக்கும், நான் பாட்டு கேப்பேன். நெசந்தான். ஆனா நீ என்னைச் சும்மா கெடன்னு சொன்ன பாரு." வெற்றிலையைத் துப்பினாள். "ஏய் அம்சா, உனக்கு ஒயரோட வேணுமா, வெறும் பல்பா?"

"ஒயரோட, அத்தை."

"நீயே வந்து அவுத்துக்க. எனக்கு எட்டாது."

மூன்றாவது பல்பும் சேர்ந்தது. பட்டனை அழுத்தினேன்.

மூன்று பல்பும் மங்கி, வெறும் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. பச்சை விளக்கு முழுதாக வந்தது. பாட்டு வந்தது, இழுவை இல்லாமல், இரண்டு ஸ்பீக்கரிலும். தபேலா விழும்போதெல்லாம் மூன்று பல்பும் சேர்ந்து கொஞ்சம் ஏறி இறங்கின. அப்பாவின் கால் தாளம் போட்டது. அவருக்கு அது தெரியாது.

பாட்டு முடியும்வரை ஊர்க்கவுண்டர் கேட்டார்.

"பாடுச்சு. பஞ்சாட்சரம், கயிறு வாங்கிக்க."

பஞ்சாட்சரம் எழுந்தார். முகம் கறுத்திருந்தது. "கவுண்டரே, ஒரு நியாயம். மாடு தானா நிக்கணும். மூணு பேரு தாங்கிப் புடிச்சா அது நின்னதாக் கணக்கா? இவ மூணு பல்பு வெச்சுத் தாங்கிப் புடிக்கறா. ரெண்டு மாசமா பல்பு இல்லாமத்தானே பாடுச்சு? இப்ப பல்பு எதுக்கு? உள்ள எதையோ கெடுத்து வெச்சிகினு மாயம் காட்டறா."

கூட்டத்தில் முணுமுணுப்பு. வாதம் நன்றாகத்தான் இருந்தது. ஊர்க்கவுண்டர் தாடையைச் சொறிந்தார்.

"சரி. கயிறு உன் கையில வாங்கி நீயே பாடவெச்சுப் பாரு."

"பாக்கறேன்."

அவர் கட்டையைப் பிடுங்கி, பல்புகளை ஒதுக்கி, பெட்டியின் ஒயரைக் கையில் எடுத்தார்.

"வேணாங்க பெரியவரே" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். "பகல்ல நேரா சொருகுனா எரிஞ்சுடும். இதுக்குப் பாதி கரண்ட்தான் வேணும். நம்பலேன்னா உங்க பையனைக் கேளுங்க."

எல்லோரும் ராஜவேலுவைப் பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்தான். ஆமாம் என்று சொன்னால், கொம்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டு மாடு கொடுத்தது வெளியே வரும். இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாத்தியா, அவனே பேசல" என்ற பஞ்சாட்சரம் எங்கள் ஹோல்டரில் நேராகச் சொருகினார். பாஞ்சாலியின் புருஷன் பீஸ் கட்டையைப் போட்டான்.

பச்சை விளக்கு வெள்ளையாக எரிந்தது. பாட்டு ஊரே அதிர வந்தது. "எப்படி!" என்று பஞ்சாட்சரம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். பெட்டி உறுமியது. டப்பென்று ஒரு சத்தம். பின்பக்க ஓட்டைகளிலிருந்து புகை நூல் நூலாக வந்தது. கொம்பு தீய்ந்த மாதிரி நாற்றம். பாடகர் ஒரு வார்த்தையின் பாதியில் நின்றுபோனார்.

நான் ஓடிப்போய்க் கட்டையைப் பிடுங்கினேன். பஞ்சாட்சரம் ஒயரை இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏற்கெனவே கெட்ட பொட்டி! நான் சொல்லல?"

"இப்பதானடா பாடுச்சு" என்றாள் செல்லியம்மாள். "என் காது இன்னா செவுடா?"

"அதுக்கு முன்னாடியே உள்ள..."

"பஞ்சாட்சரம்" என்றார் ஊர்க்கவுண்டர். "கயிறு யாரு கையில கீது?"

பஞ்சாட்சரம் தன் கையைப் பார்த்தார். கறுப்பு ஒயரும் அதன் முனையும் அதில் இருந்தன. கீழே போட்டார். போட்டு என்ன. எல்லோரும் பார்த்தாயிற்று.

சாமை மூட்டைகளை அவர்கள் வண்டியில் ஏற்றினார்கள். சேலையை அம்மா மடிப்புக் கலையாமல் கொடுத்தாள். பெட்டியை ராஜவேலு தானே தூக்கினான். என் பக்கத்தில் வந்தபோது நின்றான்.

"அவரைத் தடுத்திருக்கலாம்ல நீ?"

"சொன்னேனே."

"கையைப் புடிச்சித் தடுத்திருக்கலாம்."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அவன் பெட்டியை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டான். "வூட்டுல அந்த டிரான்ஸ்ஃபார்மர் சும்மா கெடக்கும் இப்ப" என்றான். எனக்குப் பரிதாபம் வரும் என்று நினைத்தானோ என்னவோ. வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் இரண்டு வீட்டிலும் பல்பைத் திரும்பக் கட்டினேன். பாஞ்சாலி அக்காவின் கூரையில் ஓலை பிய்ந்த இடத்தில் வானம் தெரிந்தது. அவள் புருஷன் உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டு ஏணியைப் பிடித்தான். கீழே இறங்கியதும் அக்கா எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். மாவு பாதி சலித்துக் கிடந்தது, போய் உட்கார்ந்துகொண்டாள். செல்லியம்மாள் அத்தை மட்டும், "இனிமே சாயங்காலம் இன்னாடி பண்றது? நாசமாப் போனவளே" என்று திட்டினாள். அதில் கோபம் உண்மையானது.

அன்றைக்கு எங்கள் வீட்டில் ரொம்ப நாள் கழித்து விளக்கு எரிந்தது. பழுத்த இலை வெளிச்சம்தான். அப்பா, பெட்டி இருந்த மணைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். தூசியில் அதன் நான்கு கால் அடையாளம் இருந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அந்த பி.எட்.டு எத்தினி வருசம்?"

"ஒரு வருசம்."

"முடிச்சா வாத்தியாரம்மாவா?"

"வேலை கெடச்சா."

"கெடைக்கும் கெடைக்கும்." கொஞ்ச நேரம் சாப்பிட்டார். "மொத சம்பளத்துல ஒரு பொட்டி வாங்கு."

நான் அவர் தட்டில் குழம்பு ஊற்றினேன்.

"பேட்டரி போடறதாப் பாத்து வாங்கு" என்றார்.